மூக்கணாங்கயிறு

கனடாவின் நடுப்பகுதியில் இருக்கும் வின்னிபெக் நகரத்துக்குப் புதிதாக வந்து சேர்பவர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. "இந்தக் கார்களின் மூக்கிலிருந்து ஏன் வயர் தொங்குகிறது?" காரின் முன்பக்க வலைச்சட்டத்தின் இடுக்கால் ஒரு முழ நீளத்துக்குக் கறுப்பு வயர் ஒன்று வெளியே நீட்டிக் கொண்டிருக்கும். அதன் நுனியில் மூன்று பல் கொண்ட பிளக். வாகனத் தரிப்பிடங்களில் இடுப்பளவு உயரத்தில் கட்டைகள் நாட்டி, அவற்றில் மின்சார பிளக் பொயின்ட்களைப் பொருத்தியிருப்பார்கள். வேலை விட்டு வருபவர் காரைக் கட்டையின் அருகே நிறுத்தி, வயரை அதில் தொடுத்துவிட்டு வீட்டுக்குள் போவார்.

ஸ்காபரோவில் வசிக்கும் என் மச்சான் ஒருமுறை என்னைப் பார்க்க வந்தபோது, "இதெல்லாம் மின்சாரக் காரா மச்சான்?" என்று கேட்டான். பத்து வருடங்களுக்கு மேலாகக் கனடாவில் இருந்தவன் அவன். ஆனால் ரொறொன்ரோவின் குளிர் வேறு, வின்னிபெக்கின் குளிர் வேறு. நம் நாட்டவர்கள் பெருந்தொகையாக வாழும் ரொறொன்ரோவில் இந்த வயருக்குப் பெரிதாக வேலையில்லை.

எனக்கு அந்தக் காட்சி வேறொன்றை ஞாபகப்படுத்தியது. அக்கரைப்பற்றில் என் சிறு வயதில், சூடடித்து முடிந்த மாடுகளை வரிசையாகக் கட்டையில் கட்டியிருப்பார்கள். மூக்கணாங்கயிற்றின் நீளத்துக்குள் அவை தலையைத் தாழ்த்தி நிற்கும். வின்னிபெக்கின் தரிப்பிடங்களில், தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சத்தில், உறைபனி மூடிய கார்களும் அப்படித்தான் நின்றன. 1999 முதல் பதினொரு குளிர்காலங்களை அங்கே கழித்தேன். அவற்றில் எட்டு, ஒரு கராஜில். அந்த வயர்களைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அங்கே என் வேலைகளில் ஒன்றாக இருந்தன.

குளிர் என்று நாம் சொல்வது எதை? கிழக்கில் மார்கழி, தை மாதங்களில் அடைமழையோடு வரும் கூதல் நமக்குக் குளிர். நுவரெலியாவில் புல் வெளுக்கும் அதிகாலை நமக்குக் கடுங்குளிர். அதிகாலைப் புகாருக்கும் இலையில் நிற்கும் துளிக்கும் வானத்திலிருந்து விழும் வெண்துகளுக்கும் நம்மிடம் இருப்பது பனி என்ற ஒரே சொல்தான். வின்னிபெக்கில் ஜனவரி மாத இரவுகளின் சராசரி, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியஸைத் தாண்டும். 1879ஆம் ஆண்டு டிசம்பரில் அந்த நகரத்தில் மைனஸ் 47.8 பதிவாகியது. இன்னும் வடமேற்கே, யூக்கோன் பிரதேசத்தின் ஸ்னாக் என்ற இடத்தில் 1947 பெப்ரவரியில் மைனஸ் 63 வரை இறங்கியது. மைனஸ் 40இல் செல்சியஸும் பரனைற்றும் ஒரே எண்ணாகிவிடும். அதற்குச் சற்று முன்னரே வெப்பமானியின் பாதரசம் உறைந்துவிடும். குளிரை அளக்கும் கருவியே உறைந்து போகும் குளிர் அது.

அந்தக் குளிரில் ஒரு என்ஜினுக்கு என்ன நடக்கிறது என்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வானொலியில் காற்றோடு சேர்த்த குளிர் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். "வெளியே மைனஸ் 30, காற்றோடு மைனஸ் 42." அந்த இரண்டாவது எண் மனிதத் தோலுக்கானது. காற்று அடித்தால் இரும்பு வேகமாகக் குளிரும், ஆனால் மைனஸ் 30ஐ விடக் கீழே போகாது. அந்த மைனஸ் 30 போதும்.

முதலில் ஒயில் தடிக்கும். கோடையில் தண்ணீரைப் போல் ஓடும் ஒயில் தேன்பாகைப் போலாகி, பிறகு தாரைப் போலாகும். ஒயில் போத்தலில் 5டபிள்யூ, 10டபிள்யூ என்று எழுதியிருப்பதில் டபிள்யூ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண் சிறிதாக இருந்தால் அந்த ஒயில் குளிரில் இலகுவாக ஓடும். என்ஜினின் தண்டைச் சுழற்ற வேண்டிய ஸ்டாட்டர் இந்தத் தாருக்குள் கிடந்து முனகும்.

இரண்டாவது, பற்றரி. அதற்குள் நடப்பது இரசாயன மாற்றம். குளிரில் அது மந்தமாகும். மைனஸ் 18இல் பற்றரி தரக்கூடிய வலு, கோடையில் தந்ததில் ஏறத்தாழப் பாதியாகிவிடும். ஆனால் அதே குளிரில்தான் என்ஜினைச் சுழற்ற அதிக வலு தேவைப்படுகிறது. கொடுப்பவனின் கை சுருங்கும்போதுதான் கேட்பவனின் தேவை பெருகுகிறது. இன்னொன்றும் உண்டு. முழுமையாக மின்னேற்றப்பட்ட பற்றரி மைனஸ் 50இலும் உறையாது. இறங்கிப்போன பற்றரி மைனஸ் 10ஐ அண்டியே உறைந்து வெடிக்கலாம். உள்ளே ஏதாவது இருப்பவன் குளிரைத் தாங்குவான், வெறுமையானவன் முதலில் உறைவான் என்று எங்கள் கராஜில் பகிடியாகச் சொல்வோம்.

மூன்றாவது, எரிபொருள். பெற்றோல் ஆவியானால்தான் பற்றும். கடுங்குளிரில் அது ஆவியாக மறுத்து, துளியாகவே சிலிண்டர் சுவரில் ஒட்டிக்கொள்ளும். டீசலின் நிலை இன்னும் மோசம். அதிலுள்ள மெழுகு திரண்டு வடிகட்டியை அடைத்துவிடும். அழுத்தத்தால் உண்டாகும் சூட்டில் பற்றவேண்டிய டீசலின் சூட்டை, உறைந்து கிடக்கும் இரும்பே உறிஞ்சிக் கொள்ளும்.

இதற்கெல்லாம் மருந்து, நம் வீட்டில் தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் மின்சுருளைப் போன்ற ஒரு சிறு சாதனம். புளொக் ஹீற்றர் என்பார்கள். இது பொருந்தும் இடத்தில்தான் எனக்கு வியப்பு. என்ஜினின் இரும்பு உடலை மணல் அச்சில் வார்க்கிறார்கள். வார்த்து முடிந்ததும் உள்ளே சிக்கிய மணலை வெளியே எடுக்கச் சில துளைகள் விடுகிறார்கள். மணல் வெளியேறிய பின் அந்தத் துளைகளைச் சிறு உலோகக் கிண்ணங்களால் அடைத்துவிடுவார்கள். அந்த அடைப்புகளில் ஒன்றைத் தட்டிக் கழற்றிவிட்டு, அதே துளையில் ஹீற்றரைப் பொருத்துவோம். அதன் சுருள் என்ஜினைச் சுற்றி ஓடும் குளிர்காப்புத் திரவத்துக்குள் அமிழ்ந்திருக்கும். சூடான திரவம் மேலெழும், குளிர்ந்தது கீழிறங்கும். பம்ப் எதுவும் இல்லாமலே திரவம் மெல்லச் சுழன்று இரும்பைச் சூடாக்கும். சாதாரணக் காருக்கு 400 வாற்று போதும். லொறிக்கு 1000, 1500 என்று போகும்.

இதன் தொடக்கம் எல்லைக்குத் தெற்கே, அமெரிக்காவின் வட டகோட்டா மாநிலத்தில் உள்ள கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற ஊரோடு சம்பந்தப்பட்டது. அங்கே கிராமப்புற மின்சாரக் கூட்டுறவு ஒன்றை நடத்தி வந்த அன்ட்ரூ ஃப்ரீமன் என்பவர் என்ஜின் தலையின் ஆணிக்குப் பதிலாகப் பொருத்தும் ஹீற்றர் ஒன்றை உருவாக்கி, 1949இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அதைச் செய்தவர் ஒரு கூட்டுறவுக்காரர் என்பது பொருத்தமாகவே படுகிறது. வீட்டுக்கு வந்த மின்சாரம் முற்றத்துக்கும் வந்தால்தானே காருக்குச் சூடு.

அதற்கு முன்னர் என்ன செய்தார்கள்? அலாஸ்காவின் சிறு விமானமோட்டிகள், மாலையில் இறங்கியதும் சூடு ஆறும் முன்னரே என்ஜின் ஒயிலை வாளியில் வடித்து எடுத்துக்கொண்டு குடிசைக்குள் போவார்கள். இரவு முழுக்க அது அடுப்பருகில் இருக்கும். விடிந்ததும் என்ஜினுக்குக் கீழே தீச்சட்டி வைத்து, மேலே தடித்த துணியால் கூடாரம்போல் மூடிச் சூடாக்கி, காத்து வைத்த ஒயிலை மறுபடி ஊற்றிக் கிளப்புவார்கள். 1941 குளிர்காலத்தில் மொஸ்கோவுக்கு வெளியே ஜெர்மன் படையினர் தங்கள் டாங்கிகளின் அடியில் நெருப்பு மூட்டியதும் இதற்காகத்தான். சைபீரியாவின் யாக்குட்ஸ்க் நகரில் இன்றைக்கும் பலர் கொடுங்குளிர் நாட்களில் வெளியே நிறுத்திய காரின் என்ஜினை நிறுத்துவதேயில்லை, அல்லது தடித்த கம்பளிப் போர்வையால் போர்த்தி வைக்கிறார்கள். பின்லாந்தில் தொடர்மாடிகளின் தரிப்பிடங்களில் நேரம் குறிக்கும் கடிகாரத்தோடு கூடிய கம்பங்கள் நிற்கும். நாட்டுக்கு நாடு முறை வேறு. எல்லாவற்றுக்கும் பொதுவானது, காலையில் செய்யவேண்டியது எதுவும் காலையில் தொடங்குவதில்லை என்பது.

இதை நான் கனடாவில் கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் வாப்பாவுக்கு அநியாயம் செய்தவனாவேன். எங்களிடம் ஒரு பழைய உழவு மெஷின் இருந்தது. அதன் பற்றரி எப்போதும் அரை உயிர். புதிது வாங்கப் பணமில்லாத போகங்கள் பல. வாப்பா ஒவ்வொரு மாலையும் வாய்க்கால் கட்டின் சரிவில் கொண்டுபோய் முகத்தைப் பள்ளத்துக்குக் காட்டி மெஷினை நிறுத்துவார். சில்லுக்குக் கல் வைப்பார். களைத்துப்போய் வரும் நேரத்தில் இது எதற்கு, வீட்டு முற்றத்திலேயே நிறுத்தலாமே என்று உம்மா சொல்வா. "விடியச் சாமம் ஆரைத் தேடித் தள்ளச் சொல்ற?" என்பார் வாப்பா. காலையில் கல்லை எடுத்தால் மெஷின் தானாக உருளும். கியரில் போட்டுக் கிளச்சை விட்டதும் பற்றிக்கொள்ளும். அவருடைய சரிவும் அந்த நாட்டவர்களின் வயரும் ஒரே காரியத்தைத்தான் செய்தன.

வின்னிபெக்கில் நான் குடியிருந்தது மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில். பின்பக்கம் பதினெட்டு வாகனங்கள் நிறுத்தலாம். பிளக் பொயின்ட்கள் பன்னிரண்டு மட்டும். மின்னிணைப்புள்ள இடத்துக்கு வாடகை தனி. அந்தக் கட்டடத்தில் காலை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போகிறவர்கள் குறைவு. எனக்கு மேல்தளத்தில் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண்ணொருத்தி, நடுவயது, ஆஸ்பத்திரியொன்றில் துப்புரவு வேலை, ஐந்தரைக்கு அங்கே நிற்க வேண்டும். அந்த நகரத்துத் தையல் தொழிற்சாலைகளுக்கு 1960களின் இறுதியிலிருந்து வந்து சேர்ந்த பிலிப்பைன்ஸ் மக்களின் தொகை பெரிது. அவளுடைய தாயும் அப்படி வந்தவள்தான். பக்கத்து வாசலில் பேருவளையைச் சேர்ந்த ஒரு நானா, டாக்சி ஓட்டினார். அதற்கப்பால் வடக்கிலிருந்து வந்த கிறீ இனத்து மனிதர் ஒருவர், ரொட்டிச்சாலையில் சாம வேலை.

ஹீற்றரின் தத்துவத்தை நான் பொறியியலில் விளக்கப் போனால், நானா அதை ஒரு வசனத்தில் முடித்துவிடுவார். "அதுவும் மனிசர மாதிரித்தான் தம்பி. ராவு முழுக்க வெளில கெடந்தவன எழுப்பி ஓடு செல்லி சென்னா, எப்பிடி ஓடுற?" அவருடைய டாக்சிக்கு இந்தப் பிரச்சினை இல்லை. பகலில் ஒருவரும் இரவில் ஒருவருமாக இரண்டு பேர் ஓட்டினார்கள். குளிர்காலம் முழுக்க அந்த என்ஜின் ஆறியதேயில்லை.

மற்றவர்களுக்கு இருந்தது. பன்னிரண்டு பொயின்ட்களும் மூன்று ட்ரிப் சுவிட்ச்களில் இணைக்கப்பட்டிருந்தன. ஒரு சுவிட்சில் நான்கு. அங்கே மின்னழுத்தம் 120 வோல்ட்; சுவிட்ச் 15 அம்பியர். பெருக்கிப் பார்த்தால் 1800 வாற்று. நான்கு சாதாரணக் கார்களானால் 1600, ஒருவாறு தாங்கும். அதில் ஒருவர் லொறியின் ஹீற்றரைத் தொடுத்தால், அல்லது காருக்குள் ஆசனம் சூடாக இன்னொரு கருவியையும் சேர்த்து மாட்டினால் சுவிட்ச் விழுந்துவிடும். சுவிட்ச் இருந்த அறை பூட்டியிருக்கும். திறப்பு கட்டடப் பராமரிப்பாளரிடம். அவர் வருவது காலை ஒன்பது மணிக்கு.

முப்பதுக்குக் கீழே இறங்கி அப்படியே நின்றுவிட்ட ஒரு ஜனவரி வாரத்தில், மூன்று இரவுகள் அடுத்தடுத்து சுவிட்ச் விழுந்தது. இரவு பத்து மணிக்கே விழுந்திருக்க வேண்டும். யாருக்கும் தெரியாது. வயரைத் தொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கியவர்கள், காலை ஐந்து மணிக்கு வெளியே வந்து சாவியைத் திருப்பினார்கள். ஸ்டாட்டர் ஒரு முறை முனகி அடங்கியது. இருட்டில், ஒருவர் பின் ஒருவராக, அந்த முனகலைக் கேட்டுக்கொண்டு நாங்கள் நின்றோம். அந்த நேரத்தில் பஸ் இல்லை. டாக்சியைக் கூப்பிட்டால் நகரமே கூப்பிட்டுக் கொண்டிருக்கும். நானா தன் வேலை முடிந்து வந்த கையோடு இரண்டு பேரை ஏற்றிப் போனார். மூன்றாவது நாள் அவர் விமான நிலையத்தில் அகப்பட்டுக் கொண்டார்.

அந்தப் பெண் மூன்று நாளும் பிந்தினாள். அவளை வேலைக்கு வைத்திருந்தது துப்புரவுப் பணியைக் குத்தகைக்கு எடுத்த ஒரு நிறுவனம். நான்காம் நாள் அவளுக்கு வேலை இல்லை. கார் கிளம்பவில்லை என்ற காரணத்தை அந்த நகரத்தில் எந்த மேற்பார்வையாளரும் ஏற்பதில்லை. "ஏன் தொடுத்து வைக்கவில்லை?" என்பார்கள். தொடுத்து வைத்திருந்தாள் என்பதை அவளால் நிரூபிக்க முடியவில்லை. விழுந்த சுவிட்ச் சாட்சி சொல்லாது.

கட்டட முகாமைத்துவத்திடம் போனோம். திறப்பைக் குடியிருப்பவர்களிடம் தர முடியாது, காப்புறுதி இடம் கொடுக்காது என்றார்கள். பொயின்ட்களைக் கூட்டினால் வாடகை கூடும் என்றார்கள். அன்றிரவு என் குசினி ஜன்னலால் எக்ஸ்டென்ஷன் வயர் ஒன்றை வெளியே விட்டு இரண்டு கார்களுக்குக் கொடுத்தேன். குளிருக்கென்றே செய்த வயர் அது. சாதாரண வயரின் உறை அந்தக் குளிரில் பிஸ்கட்டைப் போல் ஒடிந்துவிடும். இரண்டு நாளில் கதவுக்குக் கீழே கடிதம் வந்தது. ஜன்னலால் வயர் விடுவது ஒப்பந்தத்துக்கு முரண் என்று. நான் வயரை எடுக்கவில்லை.

அந்த நாட்களில் ஒரு மாலை, கிறீ மனிதர் வயரைப் பார்த்தபடி என் ஜன்னலருகே நின்று புகைத்துக் கொண்டிருந்தார். அதிகம் பேசாதவர். இந்த மின்சாரம் எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டார். வடக்கே நெல்சன் ஆற்றில் அணைகள் இருப்பது எனக்குத் தெரியும். மனிற்றோபா மாகாணத்தின் மின்சாரம் கிட்டத்தட்ட முழுவதும் நீரிலிருந்து பெறப்படுவது. ஏறத்தாழ 900 கிலோமீற்றர் தூரத்துக்கு நேரோட்ட மின் கம்பிகளை இழுத்து, 1972 முதல் அதை வின்னிபெக்குக்குக் கொண்டு வருகிறார்கள். அவர் சொன்னது அதன் மறுபக்கம். நெல்சனுக்குத் தண்ணீர் போதாதென்று, 1970களில் சர்ச்சில் ஆற்றையும் திருப்பி அதில் விட்டார்கள். அதற்காக சதர்ன் இந்தியன் ஏரியின் நீர்மட்டத்தை மூன்று மீற்றர் அளவில் உயர்த்தினார்கள். கரையிலிருந்த கிறீ ஊர் இடம் பெயர்ந்தது. வெண்மீனுக்குப் பேர்போன அந்த ஏரியின் மீன்பிடி சரிந்தது. அவர் அந்த ஊரில் பிறந்தவர். அவருடைய தகப்பன் வலை போட்ட கரை இப்போது தண்ணீருக்குக் கீழே.

"எங்கள் ஆறுதான் உன் ஜன்னலால் வெளியே போகிறது" என்றார். அதைக் கோபமாகச் சொல்லவில்லை. பிளக் பொயின்ட் கிடைக்காத ஆறு வாகனங்களில் அவருடையதும் ஒன்று. எனக்குப் பதில் வரவில்லை. கல்லோயாத் திட்டத்தின் தண்ணீர் எந்த வயலுக்கு எப்போது வரும், யாருக்குக் கடைசியாக வரும் என்ற பேச்சுக்களைக் கேட்டு வளர்ந்தவன் நான். தண்ணீர் ஒரு பக்கம், பயன் இன்னொரு பக்கம் என்பது எனக்குப் புதிதல்ல. ஆனால் என் குசினிச் சுவரின் பிளக்குக்கு அப்பால் ஓர் ஊர் இருக்கிறது என்று அதற்கு முன் நினைத்ததில்லை.

வழியைச் சொன்னவரும் அவர்தான். எல்லாக் கார்களும் இரவு முழுக்க எதற்கு எரிய வேண்டும் என்று கேட்டார். தொழில்நுட்ப ரீதியில் அது மிகச் சரியான கேள்வி. ஹீற்றர் மூன்று நான்கு மணித்தியாலத்தில் என்ஜினை எவ்வளவு சூடாக்க முடியுமோ அவ்வளவு சூடாக்கிவிடும். அதற்குப் பிறகு கொடுக்கும் மின்சாரம் காற்றைத்தான் சூடாக்குகிறது. இரண்டு மணித்தியாலமே போதும் என்பது கனடா அரசின் எரிசக்தித் துறையே சொல்லும் ஆலோசனை. 400 வாற்று ஹீற்றர் பத்து மணித்தியாலம் எரிந்தால் நான்கு அலகு. இரண்டு மணித்தியாலம் என்றால் ஒரு அலகுகூட இல்லை.

நாங்கள் ஒரு நேர அட்டவணை போட்டோம். கிழக்கில் வட்டவிதானை தண்ணீர்முறை வைப்பது போல. உடுப்புக் கழுவும் அறையில், ஒரு தாளில். இரவு ஒன்று முதல் மூன்று வரை, மூன்று முதல் ஐந்து வரை, ஐந்து முதல் ஏழு வரை என்று மூன்று முறைகள். பதினெட்டு வாகனங்களையும் மூன்றாகப் பிரித்தோம். ஒவ்வொரு முறையிலும் ஆறு, ஒவ்வொரு சுவிட்சிலும் இரண்டே இரண்டு. லொறி 1000, கார் 400, மொத்தம் 1400. சுவிட்ச் விழ இடமில்லை. பொயின்ட் இல்லாதவர்களுக்குப் பக்கத்துப் பொயின்டிலிருந்து கிளை வயர். ஒவ்வொருவருக்கும் ஒரு டைமர். காருக்குள் வைக்கும் சூடாக்கி யாருக்கும் கிடையாது. யார் எந்த முறை என்பதை வேலைக்குப் போகும் நேரம் தீர்மானித்தது, வாடகை தீர்மானிக்கவில்லை.

எளிதாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மின்னிணைப்புக்கென்று கூடுதல் வாடகை கொடுத்தவர்கள் முணுமுணுத்தார்கள். ஒருவர் கடைசி வரை சேரவில்லை. அவருடைய பொயின்டைக் கணக்கிலிருந்து விலக்கிவிட்டு மீதியைப் பிரித்தோம். சிலர் டைமரை மாற்றி வைத்துப் பார்த்தார்கள். நானா தன் காருக்கு முறை தேவையில்லாதவராக இருந்தும், சாமத்தில் டாக்சியை நிறுத்தித் தரிப்பிடத்தில் ஒரு சுற்று வந்து, பொயின்ட்களில் எரியும் சிறு விளக்குகளைப் பார்த்துவிட்டுப் போவார். அந்தக் குளிர்காலத்தில் சுவிட்ச் மறுபடி விழவில்லை. முகாமைத்துவம் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. மின்கட்டணம் இறங்கியதை அவர்கள் கண்டிருப்பார்கள்.

அந்தப் பெண்ணுக்கு வேலை திரும்பக் கிடைக்கவில்லை. மூன்று மாதங்களுக்குப் பின் முதியோர் இல்லமொன்றில் சேர்ந்தாள், குறைந்த சம்பளத்துக்கு. அவளுக்கு மூன்று முதல் ஐந்து வரையிலான முறை.

நான் நாடு திரும்பி வருடங்களாகிவிட்டன. நானாவின் மகன் இடைக்கிடை பேசுவான். புதிய ஒயில்கள் கடுங்குளிரிலும் ஓடுகின்றன, எரிபொருளை அளந்து தெளிக்கும் என்ஜின்கள் முன்னையவற்றை விட இலேசாகக் கிளம்புகின்றன, ஆனாலும் முப்பதுக்குக் கீழே இறங்கினால் வயர்கள் வெளியே வந்துவிடும் என்கிறான். அவன் வாங்கியிருப்பது உண்மையான மின்சாரக் கார். அதற்கும் குளிர் ஆகாது. அதன் பற்றரியைச் சூடாக வைத்திருக்க அதையும் இரவில் கட்டையில் தொடுக்கத்தான் வேண்டும். மச்சானின் கேள்விக்கு இப்போது ஆம் என்று பதில் சொல்லலாம். ஆனால் அந்தக் கார் கேட்கும் மின்சாரம் நம் 400 வாற்றைப் போல் பல மடங்கு. தொடர்மாடிகளில் இருப்பவர்கள் யாருக்குப் பொயின்ட், யார் செலவு என்று மறுபடி சண்டை பிடிக்கிறார்களாம்.

அங்கே வாழ்ந்த காலத்தில், நின்று போன காருக்குத் தன் காரிலிருந்து வயர் கொடுத்துக் கிளப்பிவிடும் அந்நியர்களை நிறையக் கண்டேன். நல்ல மனிதர்கள். உதவி பெற்றவர் அவர்களை வருடக்கணக்காக ஞாபகம் வைத்திருப்பார். ஆனால் கார் நின்றுபோகாமலிருக்க முந்திய இரவில் செய்யப்பட்ட காரியத்துக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. காலையில் சாவியைத் திருப்புகிறோம், என்ஜின் பற்றுகிறது, போகிறோம். எதுவும் நடக்காததைப் போலிருக்கிறது. ஏழைகளுக்கு நாம் செய்யும் உதவிகளில் பெரும்பாலானவை கார் நின்ற பின் கொண்டு வரும் வயர்கள்தான் என்று எனக்கு இப்போது படுகிறது. வேலை போன பின் ஒரு சாக்கு அரிசி, வீடு மூழ்கிய பின் ஒரு கூடாரம். அவையும் வேண்டும்தான். ஆனால் அந்தப் பெண்ணுக்குத் தேவைப்பட்டது ஐந்தரை மணிக்கு ஒரு கருணையாளன் அல்ல, மூன்று மணிக்கு ஒரு பிளக் பொயின்ட்.

ஊருக்கு வரும்போது அந்த அட்டவணைத் தாளை எடுத்துவர நினைத்திருந்தேன். அது உடுப்புக் கழுவும் அறைச் சுவரிலேயே இருக்கட்டும் என்று கிறீ மனிதர் சொன்னார். அடுத்த குளிருக்கு அது தேவைப்படும் என்றார்.